அனுவட்டம்: ஒரு மெட்ராஸ் காரின் மதிப்பு

தூத்துக்குடிக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதே ஆண்டில்தான் சென்னைக்குத் தெற்கே வண்டலூர்ப் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற கம்பெனி ‘ஹெரால்டு’ காரைக் கொண்டுவந்தது. இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் கீழவைப்பார்க்காரனான எனக்கு இரண்டும் ஒரே கேள்வியோடுதான் வந்து சேர்ந்தன. ஒரு பொருளுக்கு என்ன மதிப்பு என்று எதை வைத்துச் சொல்வது?

முத்து விஷயத்தில் நம் ஆட்கள் இதை ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்துவிட்டார்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ராஜராஜன் கொடுத்த நகைகளின் பட்டியல் இருக்கிறது. எத்தனை முத்து, எத்தனை கழஞ்சு, எத்தனை மஞ்சாடி என்று எடை தனியாக வரும். கூடவே வட்டம், அனுவட்டம், குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று வகை பிரித்திருப்பார்கள். குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று ஒளியையும் எழுதியிருப்பார்கள். எடையைத் தராசு சொல்லிவிடும். நீரைக் கண்தான் சொல்லணும். அனுவட்டம் என்றால் முழு உருண்டை இல்லை, கிட்டத்தட்ட உருண்டை. எனக்கு ரொம்பப் பிடித்த சொல் இது. ஹெரால்டைப் பற்றிப் பேச இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்றைக்குக் கார் பிரியர்கள் ‘வாங்கக்கூடிய விலையில் ஒரு ஸ்போர்ட்ஸ் கூபே’ என்று பேசும்போது 2012இல் வந்த டொயோட்டா 86ஐச் சொல்வார்கள். இரண்டு லிட்டர் எஞ்சின், பின்சக்கர இழுவை, சுமார் 200 குதிரைசக்தி. அதைவிட முக்கியமான விஷயம், பிரியஸ் என்ற சாதுவான குடும்பக் காருக்குப் போடும் ரக டயரையே இதற்கும் மாட்டினார்கள். பிடிப்பு குறைவாக இருந்தால் குறைந்த வேகத்திலேயே வண்டி உங்களோடு பேச ஆரம்பித்துவிடும் என்பது கணக்கு. நம்மூரில் அது விற்பனைக்கே வரவில்லை. ஆனால் அந்தக் கணக்கை அறுபதுகளின் மெட்ராஸ் ஏற்கெனவே, தெரிந்தோ தெரியாமலோ, போட்டுப் பார்த்திருக்கிறது.

ஹெரால்டின் பிறப்புக்குக் காரணம் ஒரு நெருக்கடி. இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் கம்பெனிக்குக் கார் உடம்பு செய்து கொடுத்துக்கொண்டிருந்தது ஃபிஷர் அண்ட் லட்லோ. 1953இல் அதைப் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிவிட்டது. முழு உடம்பையும் ஒரே கூடாக அடித்துத் தர ஆளில்லை. சரி, பழைய முறையில் அடியில் தனிச் சேஸ் வைத்து, உடம்பைத் துண்டு துண்டாகச் செய்து போல்ட் போட்டு முடுக்கிவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். வடிவத்தை வரைந்தவர் இத்தாலியின் தூரின் நகரத்து ஜொவான்னி மிக்கெலாட்டி. 1959 ஏப்ரலில் கார் வெளிவந்தபோதே இரண்டு வடிவங்கள் இருந்தன: ஒரு இரண்டு கதவு சலூன், ஒரு கூபே. எஞ்சின் ஒன்றுதான், 948 சிசி. சலூனுக்கு ஒரு கார்புரேட்டர், கூபேக்கு இரண்டு. 1962இல் அதே சேஸைக் குட்டையாக்கி ‘ஸ்பிட்ஃபயர்’ என்று திறந்த ஸ்போர்ட்ஸ் காரே செய்தார்கள்.

நமக்குக் கூபே வரவில்லை. வந்தது சலூன். வேகம் என்று பார்த்தால் சிரிப்பு வரும். இங்கிலாந்துப் பத்திரிகை ‘தி மோட்டார்’ 1959இல் சோதித்த சலூன் மணிக்கு 60 மைலைத் தொட 31 விநாடி எடுத்துக்கொண்டது. அதிகபட்ச வேகம் 71 மைல்கூட இல்லை. ஆனால் உடம்பின் மேல்பாதியை மறந்துவிட்டுக் குனிந்து பாருங்கள். கீழே இருப்பது ஸ்பிட்ஃபயரின் எலும்புக்கூடுதான். ரேக் அண்ட் பினியன் ஸ்டியரிங், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி சஸ்பென்ஷன். அன்றைக்கு இந்தியாவில் கிடைத்த மற்ற இரண்டு கார்கள் அம்பாசடரும் ஃபியட்டும். இரண்டிலும் பின்னால் ஒரே கட்டையான ஆக்சில். அம்பாசடர் ஒரு வீடு, ஃபியட் ஒரு ஆபீஸ். ஹெரால்டு மட்டும்தான் வண்டி. இது என் சொந்தத் தீர்ப்பு, அம்பாசடர் வைத்திருந்த குடும்பங்கள் கோபித்துக்கொள்ளலாம்.

நான் ஓட்டப் பழகியது பெரியப்பாவின் இரண்டு கதவு மார்க் 2 ஹெரால்டில். தூத்துக்குடியில் பழைய வண்டியாக வாங்கியது. கதவைத் திறந்து உட்கார்ந்தால் தரையில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். கண்ணாடித் தூண்கள் பென்சில் கணக்காக மெலிசு. சுற்றிலும் வெளிச்சம். தருவைகுளம் தாண்டி வேப்பலோடை வரும்போது இரண்டு பக்கமும் உப்பளம், வெள்ளைக் குவியல்கள், உடைமரம். அந்தச் சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் போனாலே ஏதோ பெரிய வேகத்தில் போகிற நினைப்பு. ஸ்டியரிங் வழியாக ஒவ்வொரு சரளைக்கல்லும் உள்ளங்கைக்கு வந்துவிடும். முதல் கியரில் சிங்க்ரோமெஷ் கிடையாது, வண்டி நின்றால்தான் விழும். இல்லாவிட்டால் கரகரவென்று ஊருக்கே கேட்கும்.

திருப்பம்தான் அதன் பெருமை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். கோயில் தெருவில் மாட்டுவண்டிக்காரரே ரெண்டு தடவை பின்னால் தள்ளி எடுக்கிற முக்கில் பெரியப்பா ஒரே சுற்றில் திருப்புவார். பார்க்கிறவர்களுக்காகவே திருப்புவார் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதில் ஒரு விஷமும் உண்டு. பின்னால் குறுக்கே ஒரே ஒரு பிளேட் ஸ்பிரிங், இரண்டு பக்கமும் ஊஞ்சல் மாதிரி ஆடும் அரை ஆக்சில். வளைவில் வேகமாகப் போய், பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் பின்பக்கம் எழும்பும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும், பின்புறம் வீசிவிடும். “பயந்தா கால எடுக்காதல, பயப்படுறதுக்கு முன்னாலயே எடு” என்பார் பெரியப்பா. முழு டிரைவிங் ஸ்கூலும் எனக்கு அந்த ஒரு வரிதான்.

இந்த வீச்சை ரசித்த கூட்டமும் இருந்தது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் நடத்திவந்தது. பந்தயத்துக்கென்று கார் இறக்குமதி செய்ய வசதி எத்தனை பேருக்கு இருந்திருக்கும்? உள்ளூர் ஹெரால்டைப் பிரித்து, எஞ்சினைச் சீண்டி, எடையைக் குறைத்து ஓட்டினார்கள். போல்ட் போட்ட உடம்பு இதற்கு ரொம்ப வசதி. முன்பக்க பானெட் முழுசாக முன்னோக்கிக் கவிழும், டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். கூரையைக்கூடக் கழற்றிவிடலாம்.

ஆனால் மதிப்பை எடைபோட்டவர்கள் சோழவரத்தில் இல்லை, டெல்லியில் இருந்தார்கள். 1969இல் மத்திய அரசு இந்த மூன்று கார்களுக்கும் விலை நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போய், விசாரணைக் கமிஷன் உட்கார்ந்து, 1971இல் தீர்ப்பு வந்தது. உற்பத்திச் செலவு என்ன, போட்ட முதலுக்கு எவ்வளவு லாபம் நியாயம் என்பதுதான் வாதம். கழஞ்சும் மஞ்சாடியும் இருந்தன, நீர் என்ற பத்தியே அந்தக் கணக்கில் இல்லை. கார் வாங்க வருஷக்கணக்கில் வரிசையில் நின்ற சனத்துக்கும் ஸ்டியரிங் எப்படிப் பேசுகிறது என்பதா முக்கியம்? எத்தனை பேர் ஏறலாம், எந்தக் குழியில் உடையாது, அவ்வளவுதான்.

கம்பெனி அதற்கேற்ப மாறியது. அறுபதுகளின் கடைசியில் ஹெரால்டுக்கு நான்கு கதவு வைத்தது. இங்கிலாந்தில்கூட அப்படி ஒரு ஹெரால்டு கிடையாது, நம்மூருக்கு மட்டும். 1972இல் ‘கெஸல்’ வந்தது. நம் ரோட்டுக்குத் தாங்கட்டும் என்று அதில் தனித்தனிப் பின் சஸ்பென்ஷனைத் தூக்கிவிட்டு ஒற்றை ஆக்சில் போட்டார்கள். பொறியாளர்களைக் குறை சொல்ல முடியாது, பிளேட் முறிந்து நடுவழியில் நின்றவர்கள் ஏராளம். இருந்தாலும், அம்பாசடரிடமிருந்தும் ஃபியட்டிடமிருந்தும் அதைப் பிரித்துக்காட்டிய ஒரே குணத்தையும் கழற்றியபிறகு ஒருவன் ஏன் அதை வாங்கணும்? 1977வாக்கில் கெஸல் நின்றுபோனது. 1985இல் ரோவர் உடம்பில் பழைய வேன்கார்டு வம்சத்து எஞ்சினை வைத்து ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒன்று செய்தார்கள். அது ஆடம்பர விலை, மாட்டுவண்டி இழுப்பு. மூன்றே வருஷத்தில் கதை முடிந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு ஆசையில்லை.

பெரியப்பாவின் ஹெரால்டு இப்போது கீழவைப்பாரில், வலை காயப்போடும் கொட்டகைக்குப் பக்கத்தில் நிற்கிறது. கடல் காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிறது. ஹெரால்டில் பார்க்கவேண்டியது பெயின்ட் அல்ல, கதவுக்குக் கீழே சேஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள். துரு அங்கேதான் முதலில் குடியேறும். போன மாதம் நானும் பெரியப்பா மகனும் ஸ்குரூடிரைவரை வைத்துக் குத்திப் பார்த்தோம். இடதுபக்கம் அப்பளமாக உள்ளே போனது. வலதுபக்கம் ‘டங்’கென்று நின்றது. இந்தப் பாகங்களை இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். வரவழைத்து வெல்டிங் வைத்தால் ஓடும், ஆனால் வண்டியின் விலையைவிடச் செலவு கூடும்.

“கிலோ கணக்குக்குப் போட்டாலும் எண்ணூறு கிலோ வருமுல்லா” என்றான் அண்ணன். பிறகு பானெட்டைக் கவிழ்த்து ரொம்ப நேரம் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தான். கார்புரேட்டரை மட்டும் கழற்றி, பழைய பனியனில் சுற்றி வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறான். பழைய இரும்புக்காரர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.