கார்ட்டின் முன்சக்கரக் கோணங்கள்

பந்தயக் கார்ட்டின் ஸ்டியரிங் அமைப்பு குதிரைவண்டிக் காலத்தில் வேர்கொண்டது. வளைவில் உள்சக்கரம் வெளிச்சக்கரத்தைவிடக் கூடுதலாகத் திரும்பும் ஏற்பாட்டை வகுத்தவர் மியூனிக் நகர வண்டி செய்பவர் கியோர்க் லாங்கன்ஸ்பெர்கர். அதற்கு 1818-இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் ருடால்ஃப் அக்கர்மன்.

1956-இல் கலிஃபோர்னியாவில் ஆர்ட் இங்கல்ஸ் முதல் கார்ட்டை உருவாக்கினார். பின்னர் நிலைபெற்ற பந்தயக் கார்ட்டுகளில் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழலவிடும் டிஃபரென்ஷியல் கிடையாது. இரு பின்சக்கரங்களும் ஒரே அச்சில் சேர்ந்தே சுழலும். ஆகவே வளைவில் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டுச் சற்று எழ வேண்டும். இல்லையேல் வண்டி திரும்ப மறுக்கும்.

அதை எழுப்புவதில் முதன்மையானது கேஸ்டர், அதாவது முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னின் பின்சாய்வு. அது கூடினால் சக்கரம் நன்றாக எழும்; ஸ்டியரிங்கும் கனக்கும். பல கார்ட்டுகளில் மையம் விலகிய வளையங்களைச் சுழற்றி கேஸ்டரையும், சக்கரத்தின் பக்கச்சாய்வான கேம்பரையும் திருத்துவர். ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நீளத்தை மாற்றி, முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவான டோவைச் சரிசெய்வர்.