ஆயிரம் விளக்கு: ஒரு சென்னைத் தொகுதியின் தேர்தல் வரலாறு

ஆயிரம் விளக்கு, சென்னை மாவட்டத்திலுள்ள 16 சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று. ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சியின் 9ஆவது மண்டலமான தேனாம்பேட்டை மண்டலத்தைச் சேர்ந்தது. முகரம் நாள்களில் இசுலாமியர் கூடிய மண்டபத்தில் ஆயிரம் விளக்குகள் ஏற்றப்பட்டதால் இப்பெயர் வந்தது என்பர். அண்ணா சாலையில் இன்றுள்ள ஆயிரம் விளக்கு மசூதி அந்த இடத்தின் நினைவைத் தாங்கி நிற்கிறது.

ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலின்போதும் அரசியல் நோக்கர்கள் உற்றுக் கவனிக்கும் தொகுதிகளுள் இதுவும் ஒன்று. இதற்கு அமைவிடம் ஒரு காரணம். திமுக தலைமையகமான அண்ணா அறிவாலயம், காங்கிரசின் காமராசர் அரங்கம், மு. கருணாநிதியின் கோபாலபுரம் இல்லம், ஜெ. ஜெயலலிதாவின் போயசு தோட்ட இல்லம் ஆகிய அனைத்தும் தேனாம்பேட்டையைச் சுற்றிய சில கிலோமீட்டருக்குள் அடங்கும். தொகுதியின் தேர்தல் முடிவுகள் காட்டும் போக்கு மற்றொரு காரணம்.

தொடக்கக் காலம்

1957 தேர்தலில் திமுக முதன்முறையாகப் போட்டியிட்டது. அப்போது அது அங்கீகாரம் பெற்ற கட்சியாக இல்லாததால் அதன் வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றனர். வெற்றி பெற்ற 15 பேருள் ஆயிரம் விளக்கில் நின்ற எழுத்தாளர் ஏ. வி. பி. ஆசைத்தம்பியும் ஒருவர். திமுக ஆட்சியைப் பிடித்த 1967இலும், அடுத்து 1971இலும், கட்சியின் ஐம்பெரும் தலைவர்களுள் ஒருவரான கே. ஏ. மதியழகன் இங்கு வென்றார்.

அண்ணாவின் அமைச்சரவையில் இடம்பெற்றிருந்த மதியழகன் 1971இல் பேரவைத் தலைவரானார். 1972 அக்டோபரில் எம்.ஜி.ஆர். திமுகவிலிருந்து நீக்கப்பட்டு அதிமுக தோன்றியபோது, மதியழகனுக்கும் ஆளுங்கட்சிக்கும் இடையே மோதல் முற்றியது. டிசம்பரில் அவரை நீக்கும் தீர்மானம் வந்தது. அவர் தம் இருக்கையை விட்டு எழாத நிலையில், துணைத்தலைவர் பெ. சீனிவாசன் அருகில் வேறோர் இருக்கையில் அமர்ந்து அவையை நடத்தினார். ஒரே நேரத்தில் இருவர் பேரவையை நடத்திய அந்த நிகழ்வு தமிழகச் சட்டமன்ற வரலாற்றில் இன்றும் பேசப்படுகிறது.

கட்சிப் பிளவுக்குப் பின்

1977இல் எம்.ஜி.ஆர். ஆட்சியைப் பிடித்தார். ஆனால் இங்கு திமுகவின் எஸ். ஜே. சாதிக் பாட்சா வென்றார். 1980 பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். அரசு கலைக்கப்பட்டது. அதைத் தொடர்ந்த தேர்தலில் அதிமுகவின் கே. ஏ. கிருஷ்ணசாமி தொகுதியைக் கைப்பற்றினார். இவர் மதியழகனின் உடன்பிறந்தவர். பிளவின் இரு பக்கமும் ஒரே குடும்பத்தின் பெயரோடு இத்தொகுதியில் பதிந்துள்ளன.

1984 டிசம்பர் தேர்தலில் மு. க. ஸ்டாலின் முதன்முறையாக இங்கு களமிறங்கினார். இந்திரா காந்தியின் படுகொலையும், எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் இருந்ததும் எழுப்பிய அனுதாப அலையில் அவர் கிருஷ்ணசாமியிடம் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றார். அதிமுக இரண்டாகப் பிளந்து நின்ற 1989இல் ஸ்டாலின் வென்றார். ராஜீவ் காந்தி கொலையுண்ட 1991இல் மீண்டும் கிருஷ்ணசாமியே வென்றார்.

1996, 2001, 2006 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஸ்டாலின் தொடர்ந்து வென்றார். 1996இல் சென்னையின் மேயராகவும், 2006இல் உள்ளாட்சித் துறை அமைச்சராகவும், 2009இல் துணை முதலமைச்சராகவும் அவர் உயர்ந்தபோது இத்தொகுதியின் உறுப்பினராகவே இருந்தார். ஆனாலும் 2006இல் அவர் அதிமுகவின் ஆதிராஜாராமைவிட ஏறத்தாழ 2,500 வாக்குகளே கூடுதலாகப் பெற்றார். தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் நடந்த 2011 தேர்தலில் அவர் கொளத்தூருக்கு மாறினார்.

அண்மைத் தேர்தல்கள்

2011இல் அதிமுகவின் பா. வளர்மதி வென்று அமைச்சரானார். 2016இல் அதிமுக மாநிலத்தில் ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டது. எனினும் சென்னையின் 16 தொகுதிகளுள் 10 திமுகவுக்குச் சென்றன. அவற்றுள் ஆயிரம் விளக்கும் ஒன்று. அமைச்சர் வளர்மதியை கு. க. செல்வம் தோற்கடித்தார். செல்வம் பின்னர் திமுகவிலிருந்து நீக்கப்பட்டுப் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்தார். அதிமுக கூட்டணியில் 2021இல் பாரதிய ஜனதாவுக்குத் தொகுதி ஒதுக்கப்பட, நடிகை குஷ்பு போட்டியிட்டார். அகில இந்திய அளவில் கவனிக்கப்பட்ட அப்போட்டியில் திமுகவின் மருத்துவர் நா. எழிலன் 32,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றார்.

முடிவுகள் காட்டுவது

1967 முதல் 2021 வரை நடந்த 13 பொதுத்தேர்தல்களில் திமுக 9 முறையும் அதிமுக 4 முறையும் இங்கு வென்றுள்ளன. மாநிலத்தில் திமுக ஆட்சியைப் பிடித்த 6 தேர்தல்களிலும் (1967, 1971, 1989, 1996, 2006, 2021) தொகுதி அதன் பக்கமே நின்றது. அதிமுக ஆட்சியைப் பிடித்த 7 தேர்தல்களுள் 1977, 2001, 2016 ஆகிய மூன்றில் தொகுதி மாநிலப் போக்குக்கு எதிராகத் திமுகவைத் தேர்ந்தெடுத்தது. 1980, 1984, 1991, 2011 ஆகிய நான்கில் மாநில அலையோடு சென்றது.

எனவே ஆயிரம் விளக்கைத் திமுகவின் அசையாத கோட்டை என்பது முழு உண்மையன்று. பின்னாளில் முதலமைச்சரான ஸ்டாலினையே இத்தொகுதி இருமுறை தோற்கடித்துள்ளது. அதே வேளையில் அதிமுகவுக்கு இது எளிதில் கிட்டிய இடமும் அன்று. அனுதாப அலையோ ஆட்சிக்கு எதிரான பெரும் அதிருப்தியோ எழுந்த தேர்தல்களில்தான் அக்கட்சி இங்கு வென்றது.

வாக்களிக்காதோர் எண்ணிக்கையும் இங்கு கருதத்தக்கது. 2021இல் மாநிலத்தில் ஏறத்தாழ 73 விழுக்காட்டினர் வாக்களித்தனர். சென்னை மாவட்டத்திலோ அது ஏறத்தாழ 59 விழுக்காடுதான். மாவட்டங்களுள் மிகக் குறைவு இதுவே. மாளிகைகளும் குடிசைப் பகுதிகளும் அடுத்தடுத்து அமைந்த மாநகரத் தொகுதிகளில், யாருக்கு வாக்களிப்பர் என்பதைப் போலவே யார் வாக்களிக்க வருவர் என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. 2006இல் கண்டதைப் போன்ற சிறிய வாக்கு வேறுபாட்டை, வீட்டிலேயே இருந்துவிடும் வாக்காளர்களுள் ஒரு சிறு பகுதியினர் வந்தாலே மாற்றிவிட முடியும்.