பசோலினி கழற்றிய சட்டகம்

1348ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க்கு அஞ்சி, ஃபுளோரன்ஸ் நகரை நீங்கும் ஏழு பெண்களும் மூன்று ஆண்களும் நாட்டுப்புற மாளிகைகளில் தங்கி, நாளுக்குப் பத்தாக நூறு கதைகள் சொல்லுகின்றனர். பொக்காச்சியோவின் ‘டெக்கமரான்’ இச்சட்டகத்துள்தான் நிற்கிறது. கன்னியர் மடத்தில் ஊமையாக நடித்துத் தோட்டவேலை பார்த்தவன், கணவனை மிடாவுக்குள் இறக்கிவிட்டுக் காதலனோடு களித்தவள் முதலியோர் கதைகளையெல்லாம் நன்மக்கள் சொல்ல நன்மக்களே கேட்கிறார்கள். வெளியே பிணங்கள் குவிகின்றன.

1971இல் இந்நூலைப் படமாக்கிய பியர் பாவ்லோ பசோலினி, அச்சட்டகத்தையே கழற்றிவிட்டார். கொள்ளைநோய் இல்லை, மாளிகை இல்லை, கதை சொல்லும் பதின்மரும் இல்லை. இதனினும் துணிச்சலான செயல் மொழியில் நிகழ்ந்தது என்பது என் கணிப்பு. பொக்காச்சியோவின் தொஸ்கானா மொழியைப் பதினாறாம் நூற்றாண்டில் பெம்போ உரைநடைக்கு முன்மாதிரியாக நிறுத்தினார். காலப்போக்கில் அதுவே பள்ளிக்கூட இத்தாலியமாயிற்று. பசோலினியோ கதைகளை நேப்பிள்ஸுக்குப் பெயர்த்து, அவ்வூர்ப் பேச்சிலேயே பேசவைத்தார். 1942இல் தம் முதற்கவிதைத் தொகுதியை ஃபிரியூலி வழக்கில் வெளியிட்ட கவிஞரல்லவா அவர்! நடிப்புத் தொழிலறியாத ஏழை மக்கள் பல்லிழந்த வாயோடு திரையில் சிரிக்கிறார்கள். அவ்வுடல்களில் சந்தை இன்னும் தீண்டாத ஒன்று எஞ்சியிருப்பதாக அவர் நம்பினார்.

படத்தில் ஜோத்தோவின் மாணாக்கனாக அவரே தோன்றிச் சுவரோவியம் தீட்டுகிறார். மூன்று பகுதிகளில் இரண்டே முடிகின்றன. மூன்றாவது வெறுமையாகவே நிற்கிறது.

பெர்லின் விழாவில் வெள்ளிக் கரடி கிடைத்தது, திரையரங்குகளும் நிரம்பின. உடனே பொக்காச்சியோவின் பெயரை ஒட்டிக்கொண்டு மலிவான காமப் படங்கள் இத்தாலியில் டஜன் கணக்கில் கிளம்பின. 1972இல் ‘கேன்டர்பரி கதைகள்’, 1974இல் ‘ஆயிரத்தோர் இரவுகள்’ எனத் தம் ‘வாழ்வின் முத்தொகுதி’யை முடித்த பசோலினி, 1975இல் அம்மூன்றையும் துறப்பதாக எழுதினார். எடுத்ததற்கு வருந்தவில்லை; ஆனால், தாம் கொண்டாடிய உடலின் களங்கமின்மையை நுகர்வு அதிகாரம் கைப்பற்றிவிட்டது என்றார். நவம்பர் 2ஆம் நாள் அவர் கொல்லப்பட்டார். சில நாட்கள் கழித்தே அக்கட்டுரை நாளிதழில் வந்தது.

அதே மாதம் திரையிடப்பெற்ற அவரது இறுதிப் படம் ‘சாலோ’. அதில் அடைபட்ட மாளிகை உண்டு. நாள்தோறும் காமக்கதை சொல்லும் பெண்டிர் உண்டு. அவர் கழற்றி எறிந்த சட்டகமே திரும்பியிருந்தது; ஆனால் கேட்டிருந்தோர் நால்வரும் ஃபாசிசப் பிரபுக்கள்.