பலசரக்குச் சிட்டையும் ஒரு படி அரிசியும்

மளிகைன்னு சொன்னா எங்க ஊர்ப் பெரியவங்க "அது மதராஸ் பேச்சுல்லா" என்பார்கள். தென்காசி, குற்றாலம் பக்கம் அது பலசரக்கு. மாசம் பிறந்தால் சிட்டை எழுதுவது, அதைக் கடையில கொடுப்பது, பற்று நோட்டில் ஏற்றுவது எல்லாம் பலசரக்குக் கடை வழக்கம்தான். சீசனுக்கு ஐந்தருவியில குளிக்க வருகிற பட்டணத்துச் சொந்தக்காரர்கள் இப்போதெல்லாம் அருவியைப் பற்றிப் பேசுவதைவிட மாச பட்ஜெட்டைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறார்கள். "நீங்க கிராமத்துல எப்படிய்யா சமாளிக்கீங்க, எல்லாம் வீட்டுலயே விளையுமே" என்று ஒரு கேள்வி. எல்லாம் வீட்டில் விளைந்த காலத்திலும் இங்கே அடுப்பு எரிவது லேசாக இருந்ததில்லை. அந்தக் கதையைத்தான் சொல்லலாம்னு உட்கார்ந்தேன்.

முதலில் இந்த மண்ணைப் பற்றி ஒரு வேடிக்கை. ஐந்தருவிக்குப் போகும் ரோட்டில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் என்று கூறுகட்டி விற்பதைப் பார்த்திருப்பீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் சுமார் இருநூறு வருஷத்துக்கு முன்னாடியே குற்றாலத்தில் ஜாதிக்காய், கிராம்பு, லவங்கப்பட்டை எல்லாம் வைத்துப் பார்த்தான். டச்சுக்காரன் கையில் இருந்த வாசனைச் சரக்கு வியாபாரத்தில் பங்கு வேணும் அவனுக்கு. ஆனால் அந்தத் தோட்டத்தைச் சுற்றி இருந்த வீடுகளின் சிட்டையில் கிராம்பு என்ற வரியே இருந்திருக்காது. உப்பு, கருவாடு, வத்தல், மல்லி, கருப்பட்டி, தீப்பெட்டி, மண்ணெண்ணெய். இவ்வளவுதான் காசு கொடுத்து வாங்கியது. உப்பு தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும், கருப்பட்டி உடன்குடிப் பக்கம். மீதி எல்லாம் நெல்லில்தான் நடந்தது. கூலி நெல்லு, கொத்து நெல்லு, நாவிதருக்கும் வண்ணாருக்கும் நெல்லு, கடைக்காரருக்கும் பல நேரம் நெல்லு. இருபத்தோரு மரக்கால் ஒரு கோட்டை. எங்க பக்கம் நிலத்தையே கோட்டை விதைப்பாடு என்றுதான் அளந்தோம்.

எங்க ஆச்சி செங்கோட்டைக்காரி. தாத்தா குற்றாலத்துப் பக்கம். ரெண்டு ஊருக்கும் நடந்தே போயிரலாம், ஆனா ஆச்சி பிறந்தது வேற ராஜ்ஜியம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூரோடு, பிறகு திரு-கொச்சியோடு இருந்தது. குற்றாலம் மதராஸ் மாகாணம். இந்த எல்லை சும்மா மேப்பில் போட்ட கோடு இல்லை, அரிசி விலை மாறுகிற கோடு. மலையாளக்கரையில் நெல் எப்பவும் பற்றாக்குறை. பர்மாவிலிருந்து கப்பலில் வரும் அரிசியை நம்பித்தான் திருவிதாங்கூர் சாப்பிட்டது. 1942 மார்ச்சில் ஜப்பான்காரன் ரங்கூனைப் பிடித்ததும் அந்தக் கப்பல் நின்று போனது. ஆரியங்காவுக் கணவாய்க்கு அந்தப்புறம் அரிசிக்கு ஏற்பட்ட பஞ்சம் எப்படிப்பட்டது என்பது ஆச்சி வாயால் கேட்டால்தான் தெரியும். "அரிசி இருந்தா அது கலியாண வீடு"ன்னு சொல்லுவா.

அந்த வருஷங்களில் வீட்டுச் செலவைக் குறைத்தது யாருடைய யோசனையும் இல்லை, மரச்சீனிக் கிழங்குதான். நீங்கள் மரவள்ளி என்று சொல்வது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூரில் விசாகம் திருநாள் மகாராஜா இந்தக் கிழங்கைச் சாப்பாடாகப் பரப்ப முயற்சி எடுத்தார். யுத்த காலத்தில் அது உயிரைக் காப்பாற்றியது. மலையடிவாரத்தில் இந்தப்புறமும் அதே கதைதான். சோத்துல பாதி கிழங்கு. ராத்திரி கிழங்கும் காந்தாரி மிளகாய்த் துவையலும். இன்றைக்கு ஓட்டலில் அதைத் தட்டில் அலங்காரம் பண்ணி வைத்து விலை போடுகிறான். ஆச்சி கடைசிவரை மரச்சீனியைத் தொடவே இல்லை, "தின்ன மட்டும் போதும்" என்பாள்.

துவரம் பருப்புக்கும் அப்படி ஒரு மாற்று இருந்தது. காணம். கொள்ளு என்றால் உங்களுக்குப் புரியும். கரிசலிலும் செம்மண்ணிலும் ரெண்டு மழைக்கே வந்துவிடும் பயிர். காணத்துவையல், காணச்சாறு, வேகவைத்த தண்ணியில ரசம். பருப்புக்குழம்பு என்பது அமாவாசைக்கும் விருந்தாளிக்கும். வாரம் ஒருநாள் கூட்டாஞ்சோறு, அதாவது வீட்டில் மிச்சமிருக்கிற கத்தரி, முருங்கை, மாங்காய் எல்லாத்தையும் அரிசி பருப்போடு ஒரே பானையில் போட்டு ஏற்றுவது. இப்போ அது திருநெல்வேலி ஸ்பெஷல். அன்றைக்கு அது விறகு மிச்சம், காய் மிச்சம், ஒரு பானைதான் கழுவணும்.

யுத்தத்தில் வந்த ரேஷன் யுத்தம் முடிந்தும் போகவில்லை. நெல்லை ஊர் விட்டு ஊர் கொண்டுபோகத் தடை, கொள்முதல் கட்டாயம், வரிசையில் நின்றால் தூசியும் கல்லும் கலந்த அரிசி. 1952ல் முதலமைச்சராக வந்த ராஜாஜி ஜூன் மாதத்தில் கட்டுப்பாட்டைத் துணிந்து எடுத்தார். டெல்லியில் உணவு மந்திரியாக இருந்த ரஃபி அகமது கித்வாயும் அதற்கு ஆதரவு. பதுக்கி வைத்த நெல்லெல்லாம் வெளியே வந்தது. தாத்தா அரசியலில் ராஜாஜிக்கு எதிர்க்கட்சி, இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரைப் புகழ்வார். விற்கிறவருக்கு அது நல்லது. வாங்கித் தின்கிறவருக்கு? அங்கேதான் எனக்கு நெருடுகிறது. எங்க தாத்தாவுக்கு நிலம் இருந்தது. அவர் வயலில் நட்ட பெண்களுக்கு இல்லை.

அறுபதுகளில் அது வெடித்தது. 1965லும் அடுத்த வருஷமும் மழை ஏமாற்றியது. அமெரிக்கா பி.எல். 480 கோதுமை கப்பல் கப்பலாக வந்தது, நம்ம ஊர்ப் பெண்களுக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை, இடித்துக் கஞ்சி காய்ச்சினார்கள். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி திங்கட்கிழமை ராத்திரி ஒருவேளை சாப்பாட்டை விடச் சொன்னார். திங்கட்கிழமை மட்டுமா என்று கேட்கக்கூடிய வீடுகள் எங்க தெருவிலேயே இருந்தன. விவசாயியிடம் லெவி நெல் என்று அளந்து வாங்கினார்கள். எல்லையில் அரிசி மூட்டை தலைச்சுமையாகக் கேரளத்துக்குப் போனது. புளியரைச் சோதனைச்சாவடியில் ரேஷன் அரிசி பிடிபட்டது என்ற செய்தி இன்றைக்கும் தினத்தாளில் வருகிறதே, அதன் தாத்தா அந்தக் காலத்துத் தலைச்சுமைதான்.

1967 தேர்தலில் இந்தி எதிர்ப்புதான் ஆட்சியை மாற்றியது என்று புத்தகத்தில் இருக்கும். எங்க ஊர்ப் பெண்களைக் கேட்டால் அரிசி என்பார்கள். ரூபாய்க்கு மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம் என்று அண்ணா சொன்னது ஊர் ஊராகப் போனது. ஜெயித்ததும் அந்த வருஷமே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி போட்டார்கள். ஐந்தருவிப் பக்கம் வரவில்லை. பணம் தாங்காமல் திட்டம் நீடிக்கவும் இல்லை. (படியும் வீசையும் அப்போ சட்டப்படி செத்துப் போயிருந்தது. 1962லேயே கிலோ கட்டாயம். ஆனாலும் வாக்குறுதி படியில்தான், ஏன்னா பானைக்குத் தெரிந்தது படிதான்.)

ஆனால் அந்த வாக்குறுதி செத்துப்போகவில்லை. 1972ல் நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது, கிராமம் கிராமமாகக் கூட்டுறவு ரேஷன் கடை வந்தது. 1997ல் மத்திய அரசு ஏழைக்கு ஒரு விலை, மற்றவர்களுக்கு ஒரு விலை என்று பிரித்தபோது தமிழ்நாடு ஒத்துக்கொள்ளவில்லை, கார்டு உள்ள எல்லாருக்கும் என்று நின்றது. இதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பிரித்திருந்தால் யார் ஏழை என்று எழுதும் பேனா ஊரில் யார் கையில் இருந்திருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

கணக்கைப் பாருங்க. மூன்றரை ரூபாய்க்கு விற்ற ரேஷன் அரிசி 2006 ஜூனில் ரெண்டு ரூபாய். 2008 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், ஒரு ரூபாய். 2011 ஜூன் 1லிருந்து இலவசம். மாசம் இருபது கிலோ வாங்கும் வீட்டுக்கு எழுபது ரூபாய் நாற்பதாகி, இருபதாகி, ஒன்றுமில்லாமல் ஆனது. 2007ல் பருப்பும் பாமாயிலும் சேர்ந்தது. துவரம் பருப்பு கிலோ முப்பது, எண்ணெய் லிட்டர் இருபத்தைந்து. 2015ல் வெளிக்கடையில் துவரம் பருப்பு இருநூறைத் தொட்ட மாசங்களில் அந்த ஒரு கிலோ எவ்வளவு பெரிய ஒரு கிலோ என்று எங்க ஊர்ப் பெண்களுக்குத் தெரியும். நாலு பேர் உள்ள வீட்டில் ரெண்டு கிலோ சீனியும் சேர்த்தால் நூற்றைந்து ரூபாய். எந்தச் சிக்கனப் புத்தகமும் இவ்வளவு குறைத்துக் கொடுக்காது.

இலவச அரிசி வந்ததும் "இனி எவன் வேலைக்கு வருவான்" என்று வரப்பில் உட்கார்ந்து சலித்தவர்களில் என் பங்காளிகளும் உண்டு. எனக்கு அந்தச் சலிப்பு பிடிபடவில்லை. ஆடி, ஐப்பசி மாதிரி கையில் ஒன்றுமில்லாத மாசங்களில் கூலிக்காரர் வீட்டில் ஒரு கோட்டை நெல் கடன் வாங்கினால் அறுப்பில் ஒன்றரைக் கோட்டை திருப்பிக் கொடுத்தார்கள். எங்க வீட்டுக் குலுக்கையிலிருந்தும் அப்படி நெல் போயிருக்கிறது, ஆச்சியே சொல்லியிருக்கா. அந்தக் கடன் இப்போ இல்லை. கடனை ஒழித்தது சட்டம் இல்லை, அந்த இருபது கிலோ. கூலி பேசும்போது அவங்க நிமிர்ந்து பேசுறாங்கன்னா அதுக்கும் அதுதான் காரணம்.

நட்டமும் உண்டு, மறைக்க மாட்டேன். அரிசி சும்மா வந்ததும் கம்பும் சோளமும் குதிரைவாலியும் அடுப்பை விட்டு இறங்கின. சங்கரன்கோவில் பக்கம் மானாவாரிக்காரர் யாருக்காக விதைப்பார்? 2023ஐ உலகச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்தார்கள். பட்டணத்துக் கடையில் குதிரைவாலி அரிசியைவிட விலை. எங்க வயலில் அம்பை 16 போடுகிறோம், கார் பருவத்திலும் பிசானத்திலும். விற்றது போக வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம், ரேஷன் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் கலந்து போட்டு ஆட்டுகிறோம். கூச்சப்பட இதில் ஒன்றுமில்லை.

நீங்க கேட்டது மாசச் செலவு. இங்கே இன்னும் பல வீடுகளில் பாதிச் சரக்கு மாசக் கணக்கே இல்லை, வருஷக் கணக்கு. புளி மாசி, பங்குனியில புதுசு வரும்போது வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில அடைக்கிறது. உளுந்தும் பாசிப்பயறும் தை முடிந்து வாங்கி வெயிலில் காயவைக்கிறது. வத்தலும் மல்லியும் கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துச் சரக்கு வரும்போது மொத்தமா. காய்க்குப் பாவூர்சத்திரம் சந்தை. தேங்காய்க்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மாசச் சிட்டையில் மிஞ்சுவது எண்ணெய், காப்பித்தூள், சோப்பு, அப்புறம் பிள்ளைகள் கேட்கிற பாக்கெட் சாமான். இந்தக் கடைசி வரிதான் வருஷத்துக்கு வருஷம் நீளுது.

மாடியில் வெயில் விழுகிற வீடாக இருந்தால் காணத்திலிருந்து ஆரம்பிங்க. புதுச் சரக்கு சந்தைக்கு வரும்போது அஞ்சு கிலோ வாங்கி, ரெண்டு நாள் வெயிலில் போட்டு, லேசாக வறுத்து, ஆறவைத்து டப்பாவில் அடைச்சு வைங்க. வறுக்காமல் வைத்தால் வண்டு விழும்.