கதவோரத்து ரப்பரின் பயணம்

அமெரிக்காவின் கான்சஸ் சிட்டியில் வெண்டோ நிறுவனம் 1950களில் செய்த ‘வெண்டோ 81’ சோடா இயந்திரத்தைப் பழம்பொருள் பிரியர்கள் இன்றும் தேடி வாங்குகிறார்கள். சிவப்பு வண்ணத்துக்கும் குரோமியப் பளபளப்புக்கும் பணத்தைக் கொட்டுகிறவர்கள், கதவைச் சுற்றி ஓடும் கறுப்பு ரப்பர் கேஸ்கட்டைக் கடைசியில்தான் கவனிக்கிறார்கள். பாட்டிலைக் குளிர வைக்கும் வேலையில் பாதி அதனுடையது.

அந்த ரப்பர் வந்த வழி நீளமானது. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த கன்றுகள் இலங்கைக்கு வந்தன. பிறகு மலாயாவில் காடு காடாகத் தோட்டங்கள் எழுந்தன. விடியுமுன் எழுந்து அங்கே பால்மரம் சீவியவர்களில் பெருந்திரளானோர் தமிழர்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும், அமெரிக்கா செயற்கை ரப்பர் ஆலைகளை அவசர அவசரமாகக் கட்டியது. ஆகவே 1950களின் கேஸ்கட் இயற்கை ரப்பராகவும் இருக்கலாம், செயற்கை ரப்பராகவும் இருக்கலாம். கந்தகம் கலந்து, அச்சுத் துளை வழியே பிதுக்கி, வெப்பத்தில் பதப்படுத்தி நீளவாக்கில் எடுத்த பட்டை அது.

இரண்டு ரப்பருக்கும் பொதுப் பகை காற்றில் உள்ள ஓசோன். பெட்ரோல் பங்க் வாசலில் வெயில் தின்றபடி நின்ற இயந்திரத்தில், இழுபட்டு வளைந்திருக்கும் மூலைகளில்தான் முதல் வெடிப்பு விழும். வருடக்கணக்கில் நசுங்கிய ரப்பர் பிறகு மேலெழும்பாது. அந்த மயிரிழை இடைவெளி வழியே ஈரக்காற்று நுழைந்து குளிர்க்குழாயில் பனியாக உறையும். கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். உருகிய நீர் அடித்தகட்டில் தேங்கித் துருவாகும். துருவைச் சுரண்டி வண்ணம் பூசிவிட்டு, துருவுக்குக் காரணமான ரப்பரை அப்படியே விடுவதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

வீட்டு ஃபிரிட்ஜின் காந்தக் கேஸ்கட்டை வாங்கி ஒட்டுவது சரியான வழியல்ல. கைவிடப்பட்ட ஃபிரிட்ஜ்களுக்குள் சிக்கிக் குழந்தைகள் இறந்ததால், கதவு உள்ளிருந்து தள்ளினாலே திறக்க வேண்டும் என்று 1956இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அதன் பிறகுதான் காந்தப் பட்டை பரவியது. பழைய சோடா இயந்திரமோ பூட்டு இறுக்கி அழுத்தும் விசையை நம்பியது. அந்த அழுத்தத்துக்கு ஏற்ற பருமனும் வடிவமும் வேண்டும்.

இப்போது பொருத்துகிறவர்கள் இபிடிஎம் ரப்பரை விரும்புகிறார்கள். 1960களில் சந்தைக்கு வந்த இது ஓசோனுக்கு அசையாது. சுருட்டி வந்த பட்டையை வெந்நீரில் போட்டால் மடிப்பு நீங்கும். மூலைகளை 45 பாகையில் வெட்டி, முனையோடு முனை சேர்த்து ஒட்ட வேண்டும்; இழுத்து வளைத்தால் பழைய நோய் திரும்பும். கதவில் பூசிய வண்ணம் முழுக்க இறுகும்வரை ரப்பரை வைக்கக் கூடாது. வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு வண்ணம் உரிந்துவிடும். பொருத்தியதும் ஒரு காகிதத் துண்டைக் கதவில் சிக்கவைத்து இழுத்துப் பாருங்கள். சுற்றிலும் ஒரே பிடிப்பு இருக்க வேண்டும். கீல் பக்கம் மட்டும் இறுகி, பூட்டுப் பக்கம் வழுக்கினால் ரப்பர் மேல் குற்றமில்லை, கீலைத் திருத்துங்கள்.

கழற்றிய பழைய கேஸ்கட்டைக் குப்பையில் போடாதீர்கள். எவ்வளவு நைந்திருந்தாலும் அதிகம் நசுங்காத இடத்தில் ஒரு விரல் நீளம் வெட்டி, இயந்திரத்தின் பெயரை எழுதிக் கட்டி வையுங்கள். அடுத்தவர் அதே வடிவத்தைச் செய்வதற்கு அளவு அதில்தான் இருக்கிறது.