ஆசிரியருக்கு ஆசிரியர் யார்?

மாணவனுக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் வேண்டும். அந்த ஆசிரியருக்குப் பாடம் சொல்லும் கலையைக் கற்பிப்பவர் யார்? பள்ளிக் கட்டடம், பாடநூல், தேர்வு முடிவு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் நாம் நிறையப் பேசுகிறோம். இந்த வினாவை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். ஆனால், சென்னையின் இருநூறாண்டுக் கல்வி வரலாறு இதனைச் சுற்றியே சுழன்று வந்திருக்கிறது.

இன்று அவ்வினா நம் இல்லங்களுக்குள்ளும் நுழைந்துவிட்டது. சென்னைக்கு மேற்கே உள்ள அயனம்பாக்கத்தையே எடுத்துக்கொள்வோம். ஏரியை நம்பி வாழ்ந்த சிற்றூர் அது. 1960களில் ஆவடியில் கனரக ஊர்தித் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. பின்னர் அச்சுற்றுவட்டாரம் முழுவதும் குடியிருப்புகள் பெருகின. அவற்றின் பின்னே பள்ளிகளும் பெருகின. மாநிலப் பாடத்திட்டம், மத்தியப் பாடத்திட்டம் என்பவற்றோடு இப்போது பன்னாட்டுப் பாடத்திட்டம் என்னும் சொல்லும் பெற்றோர் வாயில் புழங்குகிறது. பட்டம் பெற்று ஆசிரியப் பணியை நாடும் நம் பெண்மக்கள், “பி.எட். படிப்பதா, பன்னாட்டுப் பள்ளி ஆசிரியர்க்கான முதுநிலைச் சான்றிதழ் பெறுவதா?” என்று கேட்கின்றனர். இதற்கு விடை காணச் சற்றே பின்னோக்கிச் செல்வது நலம்.

மணலில் தொடங்கிய முறை

டாக்டர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுப் பாதிரியார் 1789இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அனாதை விடுதியின் பொறுப்பை ஏற்றார். ஒருநாள் குதிரைமீது செல்லும்போது, நம் திண்ணைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். தாளும் மையும் வேண்டாத அம்முறையைத் தம் விடுதியிலும் புகுத்த விரும்பினார். அங்கிருந்த ஆசிரியர்களோ அதனை ஏற்கவில்லை. பெல் தளர்ந்துவிடவில்லை, ஜான் பிரிஸ்கன் என்ற எட்டு வயதுச் சிறுவனைக் கொண்டு இளஞ்சிறார்க்கு எழுத்துக் கற்பித்தார். மூத்த மாணவன் இளையவனுக்குக் கற்பிப்பது நம் திண்ணைப் பள்ளிகளுக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை என்ற சொல்லை அறியாத தமிழர் உண்டோ?

பெல் தாயகம் திரும்பி, 1797இல் தம் சோதனையை இலண்டனில் அச்சிட்டு வெளியிட்டார். “மதராஸ் முறை” என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவியது. அவர் விட்டுச் சென்ற பொருளால் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் எழுந்த பள்ளி இன்றும் “மதராஸ்” என்ற பெயரையே தாங்கி நிற்கிறது. மேலைநாட்டுப் பாடமுறை நமக்கு வருவதைப் பற்றி இன்று வியக்கிறோம். நம் மணலில் பிறந்த முறையொன்று மேலைநாட்டுக்குச் சென்ற கதையை மறந்துவிட்டோம்.

ஆனால், அம்முறை நிலைக்கவில்லை. சிறுவன் எழுத்தைச் சொல்லிக் கொடுப்பான். வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் செய்வான். “ஏன்?” என்று கேட்கும் பிள்ளைக்கு விளக்கம் தர அவனால் இயலாது. முறை மட்டும் போதாது, பயின்ற ஆசிரியரும் வேண்டும் என்பதை இங்கிலாந்து சில பத்தாண்டுகளில் உணர்ந்தது. இது வரலாறு தரும் முதற் பாடம்.

மன்றோ கண்ட குறை

சென்னை ஆளுநர் சர் தாமஸ் மன்றோ 1822இல் இம்மாகாணத்துப் பள்ளிகளைக் கணக்கெடுக்க ஆணையிட்டார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பதாகத் தெரிய வந்தது. 1826இல் அவர் எழுதிய குறிப்பு நம் கருத்துக்குரியது. ஆசிரியர்க்கு மாதம் ஆறு அல்லது ஏழு ரூபாய்க்கு மேல் வருவாய் இல்லை; ஆதலால் தகுதியுடையோர் இத்தொழிலை நாடுவதில்லை என்று அவர் கண்டார். ஒவ்வொரு ஜில்லாவிலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு தலைமைப் பள்ளிகள், அவற்றின் ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாய், தாசில் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாய், ஆசிரியரைப் பயிற்றுவிக்கச் சென்னையில் ஒரு நடுப்பள்ளி எனத் திட்டம் வகுத்தார். மறு ஆண்டே அவர் காலராவுக்கு இரையானார். அவருக்குப் பின் திட்டமும் நலிந்து மறைந்தது. பயிற்சியும் ஊதியமும் ஒன்றையொன்று பிரியாதவை என்பது இரண்டாம் பாடம்.

சைதாப்பேட்டையின் மரபு

1854இல் வந்த சார்லஸ் உட்டின் கல்வி அறிக்கை ஆசிரியப் பயிற்சியை வற்புறுத்தியது. 1856இல் சென்னையில் அரசின் பயிற்சிப் பள்ளி தோன்றியது. அதுவே பின்னர்ச் சைதாப்பேட்டையில் நிலைபெற்று ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. 1886இல் சென்னைப் பல்கலைக்கழகம் எல்.டி. என்னும் பட்டத்தை ஏற்படுத்தியது. பட்டம் பெற்ற பின் ஆசிரியத் தொழிலுக்கெனத் தனியே படிக்கும் வழக்கம் அவ்வாறு வேரூன்றியது. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான டாக்டர் இராதாகிருஷ்ணனும் அங்குப் பயின்றவரே. கல்லூரியோடு மாதிரிப் பள்ளியொன்றும் இணைந்திருந்தது. பயில்வோர் அங்கே உண்மையான மாணவர் முன் நின்று பாடம் நடத்த, மூத்தோர் கண்டு திருத்தினர்.

பெண்களும் புறக்கணிக்கப்படவில்லை. 1922இல் லேடி வெலிங்டன் பயிற்சிக் கல்லூரி ஏற்பட்டது. ராயப்பேட்டை ஹோபார்ட் பள்ளியில் முஸ்லிம் பெண்களுக்கென ஆசிரியப் பயிற்சியும் நடந்தது. பெண் கல்வி பெருக வேண்டுமாயின் முதலில் பெண் ஆசிரியர் பெருக வேண்டும் என்ற தெளிவு அன்றே இருந்தது. மூத்தோர் மேற்பார்வையில் வகுப்பறையில் பழகுவதே பயிற்சியின் உயிர் என்பது மூன்றாம் பாடம்.

புதிய சான்றிதழ்கள்

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு 1858இல் அமைந்தது. கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய ஊர்களோடு தொடர்புடைய நம் குடும்பங்களுக்குச் “சீனியர் கேம்பிரிட்ஜ்” பழக்கமான பெயர். 1968இல் ஜெனீவாவில் பன்னாட்டு பாக்கலோரியேட் அமைப்பு தொடங்கியது. கொடைக்கானலில் 1901இல் தோன்றிய பள்ளி, 1976இல் அப்பாடத்திட்டத்தை இந்தியாவிலேயே முதன்முதலாக ஏற்றது.

இத்திட்டங்களில் ஆசிரியரின் வேலை வேறு வகையானது. மாணவன் தானே வினா எழுப்பி ஆராய வேண்டும். அவன் செய்த ஆய்வை ஆசிரியரே மதிப்பிடுவார். அம்மதிப்பீடு நேர்மையானதா என்று வெளியார் சரிபார்ப்பர். இதற்குத் தனிப் பயிற்சி தேவை என்பதில் ஐயமில்லை. பாக்கலோரியேட் அமைப்பு சில பல்கலைக்கழகப் படிப்புகளை ஏற்று, அவற்றில் தேறியோர்க்குக் கற்பித்தல் சான்றிதழ் வழங்குகிறது. கேம்பிரிட்ஜ் சான்றிதழுக்குப் பயில்வோர் தம் வகுப்பிலேயே பயின்று, வழிகாட்டி ஒருவரின் பார்வையில் தம் பணியைத் தொகுத்துக் காட்ட வேண்டும். இது சைதாப்பேட்டை மரபின் மறுபதிப்பே. பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சில, பன்னாட்டு முதுநிலைக் கல்விச் சான்றிதழை அஞ்சல்வழி போலத் தொலைவிலிருந்தே தருகின்றன.

இங்குதான் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். அத்தொலைவழிச் சான்றிதழ் இங்கிலாந்தின் ஆசிரியத் தகுதியைத் தானாகத் தந்துவிடாது. இந்தியாவில் அது பி.எட். பட்டத்துக்கு மாற்றும் ஆகாது. 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆசிரியக் கல்விக்கு நெறி வகுப்பது தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம். 2009இன் கல்வி உரிமைச் சட்டத்துக்குப் பின், எட்டாம் வகுப்பு வரை ஆசிரியராவதற்குத் தகுதித் தேர்வும் வேண்டும். இவற்றை அறியாமல் நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டும் குடும்பம், பின்னர் அரசுப் பள்ளியின் கதவு மூடியிருப்பதைக் கண்டு கலங்க நேரும்.

ஆகவே, அயனம்பாக்கத்தில் ஆகட்டும், காயல்பட்டினத்தில் ஆகட்டும், மகளின் கையில் விண்ணப்பத்தைக் காணும் பெற்றோர் மூன்று வினாக்களைக் கேட்கட்டும். உண்மையான வகுப்பறையில், மூத்த ஆசிரியரின் மேற்பார்வையில் பயிற்சி உண்டா? கட்டும் பணத்துக்கு ஏற்ற ஊதியம் கிட்டுமா? எந்தெந்தப் பள்ளிகள் இச்சான்றிதழை ஏற்கும்? முதலில் நம் நாட்டுப் பட்டத்தைப் பெற்று, அதன்மேல் பன்னாட்டுப் பயிற்சியைச் சேர்த்துக்கொள்வோர்க்கு இருபுறக் கதவுகளும் திறந்திருக்கும்.

மணலில் எழுதிய விரலிலிருந்து ஒரு முறை உலகெங்கும் போயிற்று. இன்று உலகிலிருந்து வேறு முறைகள் நம்மிடம் வருகின்றன. வருவதை வரவேற்போம். ஆனால், பிள்ளையின் “ஏன்?” என்ற கேள்விக்கு முகம் கொடுக்கும் ஆசிரியரை உருவாக்குவதே எந்தப் பயிற்சிக்கும் உரைகல் என்பதை மறவாதிருப்போமாக.