பழைய நேரமும் புதிய நேரமும்

கொழும்பில், வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ, திருமணப் பொருத்தம் பார்க்கச் செல்லும் பெற்றோர் ஒரு வினாவுக்கு விடை கூறத் தயாராகச் செல்லுதல் நன்று. பிள்ளை பிறந்தது 1996ஆம் ஆண்டு மே மாதத்துக்கும் 2006ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்துக்கும் இடைப்பட்ட காலமாயின், "குறிப்பில் உள்ளது பழைய நேரமா, புதிய நேரமா?" என்பதே அவ்வினா. பிறந்த இடம் வன்னியாயின் வினா மேலும் சிக்கலாகும். இலக்கினம் ஒன்றின் அளவு சராசரியாக இரண்டு மணித்தியாலம். எனவே அரை மணித்தியாலம் பிசகினால் நால்வருள் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடும். ஒரு மணித்தியாலம் பிசகினால் இருவருள் ஒருவருக்கு மாறும். சோதிடத்தில் நம்பிக்கையற்றோர் இதனை நகைத்து ஒதுக்கிவிடலாம். ஆயினும், சிறியதொரு தீவிலே ஒரே கணத்துக்கு இரு வேறு நேரங்கள் எவ்வாறு வாய்த்தன என்ற கேள்வி அவர்களுக்கும் உரியதே.

நம்பாதோருக்கும் அதே வினா வேறொரு வழியால் வந்து சேர்கின்றது. விண்டோஸ் கணினியில் நேர வலயத்தைத் தெரிவுசெய்ய முற்படுவோர், சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி ஆகிய நகரங்கள் ஒரு வரியிலும், ஸ்ரீ ஜயவர்த்தனபுர தனியாக மற்றொரு வரியிலும் நிற்பதைக் காண்பர். இரண்டும் கிறீன்விச்சுக்கு 5 மணித்தியாலம் 30 நிமிடம் முற்பட்டவையே. நிகழ்காலத்தில் வேற்றுமை ஏதுமில்லை. வேற்றுமை கடந்த காலத்தில் உள்ளது. இரண்டையும் ஒரே வரியில் அடக்கினால் அப்பத்தாண்டின் திகதிகளுக்குரிய கணக்குப் பிழைத்துவிடும். நாம் மறந்துவிட்டதைப் பொறி மறக்கவில்லை எனலாம்.

கடிகாரம் ஞாயிற்றைப் பின்பற்றுகின்றது என்பதே பொதுவான எண்ணம். ஆனால் அது ஞாயிற்றைப் பின்பற்றுவதைக் கைவிட்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. கொழும்பின் நெடுங்கோட்டின்படி இங்குள்ள இயல்பான நேரம் கிறீன்விச்சுக்கு 5 மணித்தியாலமும் 19 நிமிடமும் சில செக்கனும் முற்பட்டதாகும். 1906 சனவரி 1ஆம் திகதி தொடக்கம், இந்தியாவைப் போன்றே இலங்கையும் ஐந்தரை மணித்தியால நியமநேரத்தை ஏற்றது. அதற்குரிய 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோடு இலங்கையின் நிலப்பரப்பில் எவ்விடத்தையும் தொடுவதில்லை. கிழக்கே வங்காள விரிகுடாவிலேயே செல்கின்றது. ஆகவே பிற்காலத்தில் 'பழைய நேரம்' என்று உரிமையோடு போற்றப்பட்டதும் ஒரு காலத்தில் புதிதாக விதிக்கப்பட்ட நேரமே. பம்பாயில் அத்தகைய விதிப்பு எளிதில் ஏற்கப்படவில்லை. அந்நகரின் பழைய நேரம் 1955 வரை வழக்கில் நீடித்தது; கல்கத்தாவின் நேரம் 1948 வரை நின்றது.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், இலங்கையின் கடிகாரங்கள் முதலில் அரை மணித்தியாலமும் பின்னர் இன்னொரு அரை மணித்தியாலமும் முன்தள்ளப்பட்டு, 1945 ஒக்ரோபரில் பழைய நிலைக்கு மீண்டன. அதற்குப் பின் 1966இல் கை வைக்கப்பட்டது கடிகாரத்தில் அன்று, வாரத்தில். ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு நிலைகளுக்குரிய போயா நாட்களே வார விடுமுறையாயின. சந்திரன் ஏழு நாட் கணக்குக்குக் கட்டுப்படாதமையால் வாரம் சிலவேளை ஆறு நாளாகவும் சிலவேளை எட்டு நாளாகவும் அமைந்தது. கொட்டாஞ்சேனையின் சென். லூசியாஸ் பேராலயத்தைச் சூழ வாழ்ந்த கத்தோலிக்கருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாயிற்று. வெளிநாட்டு வணிகத்தில் ஈடுபட்டோர், உலகம் உறங்கிய நாளில் விழித்தும் உலகம் விழித்திருந்த நாளில் உறங்கியும் இடர்ப்பட்டனர். 1971இல் ஞாயிறு மீண்டது. பூரணைப் போயா மட்டும் பொது விடுமுறையாக இன்றும் எஞ்சியிருக்கின்றது.

1996ஆம் ஆண்டின் மாற்றத்தை விளங்கிக்கொள்ளப் பேலியகொடை வசதியான இடம். இங்கே களனி கங்கையின் வடகரையில் நின்றால், எதிர்க்கரையில் கெலனிதிஸ்ஸ அனல்மின் நிலையம் அமைந்துள்ளது. இதே ஆற்றின் மலைநாட்டுக் கிளைகளிலேதான் காசல்றீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களும் அவற்றின் நீரால் இயங்கும் லக்சபானத் தொகுதி மின்நிலையங்களும் உள்ளன. அக்காலத்தில் நாட்டின் மின்சாரத்தில் மிகப் பெரும் பகுதி இவ்வாறான நீர்மின் நிலையங்களிலிருந்தும் மகாவலித் திட்டத்து நிலையங்களிலிருந்துமே கிடைத்தது. 1996இல் மழை பொய்த்தது, நீர்த்தேக்கங்கள் வற்றின, நீண்ட நேர மின்வெட்டு நாளாந்த வாழ்வாயிற்று. மலையிலே நீர் குறைந்ததற்குக் கொழும்பிலே கண்ட பரிகாரங்களுள் ஒன்று, மே 25ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியமை. மக்கள் கடிகாரத்தின்படி வேலை முடித்து, கடிகாரத்தின்படி உறங்கச் சென்றால், விளக்கு எரியும் மாலை நேரம் குறுகும் என்பதே கணக்கு.

அக்கணக்கில் பிழையில்லை; ஆனால் அது பாதிக் கணக்கு. கோடையிற் பகல் மிக நீளும் ஐரோப்பிய நாடுகளில் கடிகாரத்தை முன்தள்ளினால் விடியலில் வீணாகும் ஒளி மாலைக்குக் கிடைக்கும். ஏழு பாகை அகலக்கோட்டிலுள்ள கொழும்பிலோ மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலுள்ள வேற்றுமை ஒரு மணித்தியாலங்கூட இல்லை. மாலையில் அணைத்த விளக்கை விடியற்காலையில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆறரை மணித்தியால நேரம் உண்மையில் மியன்மாரின் நேரம். இரங்கூனின் கடிகாரத்தைக் கொழும்பின் ஞாயிறு எவ்வாறு பின்பற்றும்? மே மாத இறுதியில் ஏழு மணியை நெருங்கும்போதே பொழுது விடிந்தது. ஒக்ரோபர் 26ஆம் திகதி அரை மணித்தியாலம் விட்டுக்கொடுக்கப்பட்டு, கிறீன்விச்சுக்கு ஆறு மணித்தியாலம் முற்பட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது. மழை திரும்பிய பின்னரும் அந்த நேரம் ஏறத்தாழப் பத்தாண்டுகள் நீடித்தது. மாறாக, 2022இல் எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இன்றி ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது கடிகாரத்தை எவரும் தொடவில்லை.

இந்த ஆணை நாடு முழுவதற்கும் உரியதாகவே பிறப்பிக்கப்பட்டது. ஆனால் அது சென்று நின்ற எல்லை வேறு. தமிழீழ விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் ஐந்தரை மணித்தியாலப் பழைய நேரமே தொடர்ந்தது. யாழ்ப்பாண நகரம் 1995 டிசெம்பரில் இராணுவத்தின் வசமாகியிருந்தது. 1996 ஏப்பிரலில் தென்மராட்சியிலிருந்து வீடு திரும்பிய மக்கள், அடுத்த மாதமே அரசாங்கத்தின் புதிய நேரத்துக்கும் உட்பட்டனர். வன்னியிற் தங்கிய உறவினருக்கோ நேரம் மாறவில்லை. ஒரே குடும்பத்தவர் இரு மணிகளில் வாழ்ந்தனர். நாட்டுப் படங்கள் ஒரே நிறத்தில் காட்டிய நிலத்தைக் கைக்கடிகாரம் இரண்டாகக் காட்டியது. அதிகாரம் எங்கே முடிகின்றது என்பதை அறியக் கடிகாரத்தைவிடச் சிறந்த சான்று அக்காலத்தில் இருந்ததாகத் தெரியவில்லை.

போர் நிறுத்த உடன்படிக்கை 2002 பெப்ரவரி 23ஆம் திகதி நள்ளிரவு முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த நள்ளிரவுகூட இரு தரப்பினரின் கடிகாரங்களிலும் அரை மணித்தியால இடைவெளியில் இருமுறை நிகழ்ந்தது. ஏப்பிரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், கொழும்புத் தமிழர் பல்லாண்டுகளின் பின் தரைவழியாக ஊர் சென்றனர். வெள்ளவத்தையிலிருந்து புறப்படும் பஸ் களனி கங்கையைக் கடந்து, கண்டி வீதியும் புத்தளம் வீதியும் பிரியும் பேலியகொடையை அடைந்து, பின்னர் வடக்கு நோக்கி விரையும். ஓமந்தையைத் தாண்டும்போது கடிகாரம் அரை மணித்தியாலம் பின்னே. முகமாலையைத் தாண்டி மீண்டும் அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் நுழைந்ததும் அரை மணித்தியாலம் முன்னே. ஒரே நாட்டில், ஒரே வீதியில், ஒரே நாளில் இருமுறை நேரம் மாறிற்று. சோதனைச் சாவடிகளில் இழந்த மணித்தியாலங்களோடு ஒப்பிட்டால் இந்த அரை மணித்தியாலம் பெரிதன்று என்று அன்று பயணித்தோர் கூறக்கூடும்.

பிற நாடுகளிலும் இதற்கு ஒப்புமை உண்டு. வட கொரியா 2015 ஓகஸ்டில், யப்பானிய ஆட்சி விதித்த நேரத்தைக் களைவதாகக் கூறித் தன் கடிகாரத்தை அரை மணித்தியாலம் பின்தள்ளியது. 2018 ஏப்பிரலில் இரு கொரியத் தலைவர்களும் சந்தித்த மண்டபத்தின் சுவரிலே இரு நேரங்களைக் காட்டும் இரு கடிகாரங்கள் தொங்கின. அடுத்த மாதமே வட கொரியா தென் கொரியாவின் நேரத்துக்குத் திரும்பியது. அங்கே கடிகாரம் ஒன்றுபட்டமை இணக்கத்தின் அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

இங்கே நிகழ்ந்தது வேறு. பாடசாலைப் பிள்ளைகள் இருளிலே வீட்டை விட்டுப் புறப்பட நேர்வதாகப் பெற்றோர் முறையிட்டனர்; சோதிடரும் பழைய நேரத்தையே வேண்டினர். ஆதர் சி. கிளார்க் மாற்றத்தை எதிர்த்தார். எனினும் 2006ஆம் ஆண்டு சித்திரைப் புத்தாண்டு கழிந்த கையோடு, ஏப்பிரல் 15ஆம் திகதி, அரசாங்கம் ஐந்தரை மணித்தியால நேரத்துக்குத் திரும்பியது. எந்தப் பேச்சுவார்த்தையும் இன்றி, எவரும் எவருக்கும் விட்டுக்கொடுக்காமலே, கொழும்பின் மணியும் கிளிநொச்சியின் மணியும் ஒன்றாயின. அதே ஆண்டு ஓகஸ்ட் 11ஆம் திகதி முகமாலையிலே போர் மூண்டது. ஏ-9 வீதி மூடப்பட்டது. கைக்கடிகாரத்தைத் தொடாமலே ஓமந்தையையும் முகமாலையையும் கடந்து யாழ்ப்பாணம் செல்லக்கூடியதாக இருந்த காலம் நான்கு மாதங்கூட நிரம்பவில்லை.